பிரேக் ஆயில் நிறைய இருந்தது, பிரேக் மட்டும் இல்லை

பிரேக் போய்விட்டது என்று சொன்னால் மெக்கானிக்கிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: "ஏர் எடுத்துப் பாருங்க." ஏர் எடுப்பது என்றால் பிரேக் லைனில் இருக்கும் காற்றை ஆயிலோடு சேர்த்து வெளியே வடிப்பது. கம்பெனியில் செய்து வந்த வண்டியில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. சொந்தமாகக் கட்டிய வண்டியில் இதை முதல் வேலையாகச் செய்தால், கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்க இருந்த சாட்சியை நாமே பாட்டிலில் பிடித்துக் கொட்டிவிடுகிறோம். ஏர் எடுத்ததும் புது ஆயில் வந்துவிடும், பெடல் கெட்டியாகும், வண்டி கிளம்பும். காரணம் மட்டும் உள்ளேயே இருக்கும்.

என் அக்கா மகனின் வண்டியில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். நான் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி கட்டுகிற பையன்கள் புஷ், ஸ்பேசர், பிராக்கெட் என்று எதற்காவது வந்துகொண்டே இருப்பார்கள். கோவைக்கு இது புதிதில்லை. 1980களின் கடைசியில் மாருதி 800 எஞ்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிய கரிவரதனின் ஊர் இது. செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். கல்லூரியில், எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் பாஹா போட்டிக்கு வண்டி கட்டி மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூர் வரை போய்வந்த பையன்களுக்கு அதோடு ஆசை தீர்வதில்லை. வேலைக்குப் போய் நாலு காசு வந்ததும் வீட்டுக் கார் ஷெட்டில் இரும்புக் குழாய்களை வெல்ட் செய்த ஒரு ட்யூப் சேஸிஸ் முளைத்துவிடும்.

அக்கா மகனுடையதும் அப்படி முளைத்ததுதான். பின்னால் 800 சிசி எஞ்ஜின், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பாதிச் சாமான் உக்கடத்தில் பழைய பார்ட்ஸ் கடைகளில் பொறுக்கியது. கால் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டருக்கு இடம் இல்லாததால், ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை நேராக முன் தகட்டில் மாட்டி, பெடலை 6:1 விகிதத்தில் செய்திருந்தான். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு இது சரியான விகிதம்தான். காலால் 30 கிலோ அழுத்தினால் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடில் 180 கிலோ வரும். முக்கால் இஞ்ச் மாஸ்டர் சிலிண்டராக இருந்தால் லைனில் 60 பாருக்கு மேல் அழுத்தம், சின்ன வண்டியை நிறுத்த அது போதும். நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சூலூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் சைட்டில், வீடுகள் வராத உள் ரோட்டில்தான் ஓட்டுவான்.

அங்கிருந்துதான் போன் வந்தது.

"மாமா, பிரேக் போயிருச்சு. பெடல் அப்படியே அடி வரைக்கும் போகுது. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கப் போட்டு மக்காச்சோளக் காட்டுக்குள்ள விட்டு நிறுத்திட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆயில் ஃபுல்லா இருக்கு, எங்கயும் லீக் இல்ல."

"எதையாவது கழட்டுனியா?"

"இல்ல மாமா."

"கழட்டாத மாப்ள, வர்றேன்."

ஆயில் குறையாமல் பெடல் போனால், காரணங்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் முன்னே போகாமல் பின்னாலேயே வழிந்துவிடுவது ஒன்று. டிஸ்க் ஆட்டத்தில், அதைக் கவ்வும் பேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அந்த இடைவெளியை அடைக்கவே ஒரு முழு மிதி செலவாகிவிடுவது இன்னொன்று. லைனில் காற்று இருப்பது, ஆயில் கொதித்து ஆவியாவது, இவை இரண்டும் அதற்கடுத்து. பெடல், புஷ் ராடு, பிராக்கெட் என்று இரும்பே கழன்றுவிடுவதும் உண்டு. சொந்த வண்டியில் கண்ணால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இதில் சிலது வண்டி ஆறின பிறகு கண்டுபிடிக்க முடியாதவை. அதனால்தான் நின்ற இடத்திலேயே போய்ப் பார்ப்பது முக்கியம்.

நான் போனபோதும் முன் சக்கரங்கள் இரண்டிலும் கையைப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. காய்ந்த, கருகின வாசனை. டிஸ்க்கில் வானவில் மாதிரி நீலம் ஓடியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்ததும் சுர்ரென்று போனது. ஒரு சொட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். பின் டிரம்கள் வெதுவெதுப்பாக இருந்தன, அவ்வளவுதான்.

பிரேக் போவதற்கு முன்னால் பெடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "காலைல இருந்ததவிட மேலயே பிடிச்சுது மாமா. இன்னைக்கு பிரேக் சூப்பரா இருக்குன்னு நெனச்சேன்." வண்டி இழுக்கவில்லை, செகண்ட் கியரிலேயே திணறியது என்றும் சொன்னான்.

எனக்கு அந்தப் பதிலிலேயே முக்கால்வாசி கிடைத்துவிட்டது. ஓட ஓட மேலேறி வந்த பெடல், திடீரென்று அடிக்குப் போயிருக்கிறது. வாஷர் தேய்ந்தால் பெடல் மேலேறாது. காற்று இருந்தாலும் ஏறாது. பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு ஓடினால்தான் ஏறும். வண்டி நிற்காதபோது ஓட்டுகிறவரிடம் அதைப் பற்றியே கேட்கிறோம். அதற்கு முந்தைய பத்து நிமிடத்தைப் பற்றிக் கேட்பதுதான் பிரயோஜனம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி ஆறிவிட்டது. பெடலை மிதித்துப் பார்த்தவன் முகம் மலர்ந்துவிட்டது. "மாமா, வந்துருச்சு! மெதுவா ஓட்டிட்டே கேட் வரைக்கும் போயிரலாம்." எத்தனையோ பேரை மறுபடியும் ஓட்ட வைப்பது இந்த இடம்தான். கொதித்த ஆயில் ஆறினால் ஆவி மறுபடியும் திரவமாகிவிடும், பெடலும் திரும்பிவிடும். எதுவும் சரியாகவில்லை, ஆறியிருக்கிறது, அவ்வளவே. கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்று தோட்டத்துக்காரர் சொன்னார். பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் இழுத்தால் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம்தான் பிரேக். டாட்டா ஏஸ் ஒன்றைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வந்தோம்.

பட்டறையில் முதலில் செய்தது ஆறிய நிலையில் பெடல் சோதனை. ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல இறங்கக் கூடாது. இறங்கவில்லை, எனவே மாஸ்டர் சிலிண்டர் வாஷர் தாங்குகிறது. இரண்டாவது மிதியில் பெடல் இன்னும் மேலே நிற்கக் கூடாது. நிற்கவில்லை, பேடுகள் பின்னுக்குப் போகவில்லை. பஞ்சு மாதிரி அமுங்கவும் இல்லை, காற்று இல்லை. இங்கே ஒரு வேளை ஏர் எடுத்திருந்தால் "சரியாயிருச்சு" என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

அடுத்து ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு, காலை எடுத்த உடனே முன் சக்கரத்தைச் சுற்றினேன். அரைச் சுற்றுக்கூடப் போகாமல் நின்றது. மறுபக்கமும் அதே. இந்த இடத்தில்தான் ஏர் எடுக்கத் திறக்கும் திருகான நிப்பிளுக்கு வேலை வருகிறது, அதுவும் கால் திருகு மட்டும். திறந்ததும் ஆயில் சளக்கென்று பீய்ச்சியது, சக்கரம் ஃப்ரீயாகச் சுற்றியது. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால் நிப்பிளைத் திறந்தாலும் சக்கரம் விடாது. ஆகக் காலிப்பரில் தப்பில்லை, காலை எடுத்த பிறகும் லைனுக்குள் அழுத்தம் சிக்கி நிற்கிறது.

எங்கே சிக்குகிறது என்று பார்க்க, சக்கரத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். நிப்பிளை இறுக்கி, மறுபடி மிதித்துச் சக்கரத்தை இறுக வைத்தோம். இந்த முறை மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளை மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் லூஸ் செய்தேன். சிலிண்டர் தகட்டிலிருந்து லேசாக விலகியது, சக்கரம் விட்டுவிட்டது. பைப்பில் ஒரு மரைகூடக் கழற்றவில்லை. புஷ் ராடு பிஸ்டனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அதிலேயே உறுதி. நட்டை லூஸ் செய்தும் விடவில்லை என்றால், சிலிண்டரிலிருந்து கிளம்பும் பைப் இணைப்பான யூனியனைத் திறந்து பார்க்கலாம். அங்கே விட்டால் சிலிண்டரின் உள்ளே கோளாறு. அங்கும் விடாமல் சக்கரத்து நிப்பிளில் மட்டும் விட்டால் நடுவில் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கும். வெளியே பார்க்க ஹோஸ் புதிதுபோல இருக்கும், ஏமாறக் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் சிலிண்டரில், ஆயில் நிற்கும் டப்பாவான ரிசர்வாயருக்கும் உள்ளே இருக்கும் அழுத்த அறைக்கும் நடுவே ஊசி நுழைகிற அளவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெடல் முழுக்கத் திரும்பினால்தான் பிஸ்டன் வாஷர் அதைத் தாண்டி வந்து வழிவிடும். சூட்டில் ஆயில் விரிந்தால் கூடுதல் ஆயில் அதன் வழியாகத்தான் ரிசர்வாயருக்குப் போக வேண்டும். ஓட்டை மூடியிருந்தால் விரிந்த ஆயில் பேடைத் தள்ளும், பேடு உரசிச் சூடாகும், ஆயில் இன்னும் விரியும். கடைசியில் காலிப்பரில் இருப்பது கொதிக்கும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது விதி. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் தாங்க வேண்டிய அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155.

ஓட்டை மூடியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரிசர்வாயர் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, இன்னொருவரைக் கையால் பெடலை மிக மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் நகர ஆரம்பிக்கும் அந்த நொடியில் ஆயில் பரப்பில் ஒரு சின்ன ஊற்று எழும்பி அடங்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், வேகமாக மிதித்தால் முகத்தில் அடிக்கும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்து வந்துவிடும். இவன் வண்டியில் பரப்பு அசையவே இல்லை.

பெடலைப் பின்னுக்கு வர விடாமல் எது தடுத்தது? குனிந்து பார்த்தால் பெடல் தண்டு பிரேக் லைட் சுவிட்ச்சின் உடம்பில் முட்டி நின்றது. முந்தின வாரம் பிரேக் லைட் எரியவில்லை என்று எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் சுவிட்ச் மாற்றியிருக்கிறான். மரை ஒன்றேதான், புதுசு கொஞ்சம் நீளம். லைட் எரிகிறதா என்று பார்த்து லாக் நட்டை இறுக்கியிருக்கிறார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். அந்த வண்டியில் பெடலுக்குத் தனியாக ஸ்டாப் கிடையாது, சுவிட்ச்சேதான் ஸ்டாப். அது அவருக்குத் தெரிய வழியில்லை. சுவிட்சை ரெண்டு சுற்று வெளியே எடுத்ததும் ரிசர்வாயரில் ஊற்று எழும்பியது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் மாறி மாறிப் பெடலை அமுக்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது தனி போல்ட் ஒன்றை லாக் நட்டோடு ஸ்டாப்பாக வெல்ட் செய்து வைத்திருக்கிறோம். புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் பிளே. 6:1 விகிதத்தில் பெடல் நுனியில் அது 6 மில்லிமீட்டராகத் தெரியும், விரலாலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. மாருதி மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை கொண்டது. ஒரு லைன் போனாலும் மற்றது பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அமைப்பு. டிரம்முக்குள் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷூவை இழுத்துப் பிடித்திருந்ததால் பின்பக்கம் அவ்வளவு உரசவில்லை, அந்த ஆயில் கொதிக்கவும் இல்லை. பின் பிரேக்காவது ஏன் பிடிக்கவில்லை?

முன் லைனின் நிப்பிளில் ட்யூப் மாட்டிப் பாட்டிலில் விட்டு, திறந்து வைத்துக்கொண்டு பெடலை மிதிக்கச் சொன்னேன். ஒரு லைன் போன நிலையை இப்படித்தான் வரவழைக்க முடியும். பெடல் இறங்கி, பின் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிற நேரத்தில் டணக்கென்று ஒரு சத்தம். பெடல் தண்டு சேஸிஸின் குறுக்கு ட்யூபில் இடித்து நின்றுவிட்டது. இரண்டு லைன் இருந்தும் இரண்டாவது வேலை செய்ய இடமே இல்லை. எல்லாம் நன்றாக இருக்கும்போது பெடல் பாதித் தூரம்கூடப் போகாது, அதனால் இது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. சொந்தமாக வண்டி கட்டியிருக்கிறவர்கள் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு லைனைத் திறந்து, மற்றது சக்கரத்தைப் பிடிக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். பழைய சிலிண்டராக இருந்தால் கடைசி வரை பலமாக மிதிக்க வேண்டாம். வழக்கமாகப் போகாத இடத்தில் துரு இருக்கும், வாஷர் கிழிந்துவிடும். நாங்கள் குறுக்கு ட்யூபை வெட்டிக் கீழே இறக்கி வெல்ட் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது.

எஸ்ஏஇயின் ஃபார்முலா மாணவர் போட்டி விதிகளில் இதெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். தனித்தனி ஆயில் இருப்போடு இரண்டு லைன் வேண்டும், பெடலும் அதைப் பிடித்திருக்கும் இடமும் 2000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ, தாங்க வேண்டும். பெடல் அளவுக்கு மீறி இறங்கினால் எஞ்ஜினை நிறுத்த ஒரு சுவிட்ச்சும் வேண்டும். போட்டிக்குப் போகிறவர்கள் அலுத்துக்கொண்டே அதை மாட்டுவார்கள். வீட்டு வண்டிக்கும் அந்தச் சுவிட்ச் மாட்டலாம், விலை ஒன்றும் பிரமாதமில்லை.

பிறகு மாற்றியவை: பேடுகள் கண்ணாடிபோல் வழவழத்துவிட்டன, உப்புத்தாளில் தேய்த்துப் பயனில்லை என்று புதுசு போட்டோம். காலிப்பர் ரப்பர்களும் மாஸ்டர் சிலிண்டருக்கு பிஸ்டன், வாஷர் எல்லாம் சேர்ந்த மேஜர் கிட்டும். முன் வீல் பேரிங் கிரீஸ் உருகி வழிந்திருந்தது, அதுவும். ஆயில் முழுக்க வடித்துவிட்டு, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து டாட் 4. கடையில் பாதி இருக்கிற பாட்டிலைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இதே அறிகுறி வேறு காரணத்தாலும் வரும். ரிசர்வாயரில் யாராவது எஞ்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றிவிட்டால் வாஷர்கள் ஊதி அதே ஓட்டையை அடைத்துவிடும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊதி மடங்கிப் பெரிதாகியிருந்தால் அதுதான். அப்படியானால் ரப்பர் என்று எதெல்லாம் இருக்கிறதோ அத்தனையும் மாற்ற வேண்டும், பாதி வைத்தியம் கிடையாது.

பட்டறைக்கு வரும் வண்டிகளில் அடிக்கடி பார்ப்பது காலிப்பரை இடது வலது மாற்றி மாட்டுவது. நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும், காற்று மேலே தங்கிவிடும், விடிய விடிய ஏர் எடுத்தாலும் தீராது. மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் நிறுத்தி வைத்திருக்கும்போது ஆயில் பின்வாங்கும். அப்படி இருந்தால் டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சின்ன வால்வு ஒன்றைப் போட வேண்டும். ஏசி வேலைக்கான செம்புக் குழாயைப் பிரேக் லைனுக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வரும். அதிர்வில் கெட்டித்து, ஒருநாள் மோதிரம்போல் சுற்றி விரிசல் விட்டுவிடும்.

திருப்பி ஓட்டும்போது அவசரப்படவில்லை. முதலில் நின்ற இடத்தில் பலமாக மிதித்துப் பிடித்து ஒவ்வொரு யூனியனிலும் டிஷ்யூ தாளை வைத்து ஈரம் பார்த்தோம். அப்புறம் நடை வேகம், அப்புறம் 20 கிலோமீட்டர். கடைசியாகப் பத்து நிமிடம் பிரேக்கே தொடாமல் ஓட்டி, கியரில் குறைத்து உருட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தையும் லேசர் தெர்மாமீட்டரில் அளந்தோம். பிரேக் போடாமல் ஓடிய சக்கரம் சூடாக எந்தக் காரணமும் இல்லை. இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்னால் இரண்டும் ஒன்றாகவே வந்தன. பின்னால் இடது டிரம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதல் காட்டுகிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுக்கமா, ஷூ அட்ஜஸ்டரா என்று டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வேகமாக ஓட்ட விடுவேன் என்று சொல்லிவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது.